எப்போது மக்கர் பண்ணுகிறது? டூவீலர் ஸ்டார்ட்டிங் டிரபிளைப் பிரித்துப் பார்க்கும் விதம்

காலையில் அவசரமாகக் கிளம்பும்போது செல்ஃபை அமுக்கினால் கிர்ர் கிர்ர் என்று சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. நாலு தடவை அமுக்கி, அப்புறம் கிக்கரை உதைத்து, சோக்கை இழுத்து, சட்டையெல்லாம் நனைந்த பிறகு ஒரு வழியாகக் கிளம்பிவிடும். சாயங்காலம் மெக்கானிக்கிடம் கொண்டு போய் நிறுத்தினால் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். அவர் "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார், எதற்கும் இருக்கட்டும் என்று பிளக்கை மாற்றிக் கொடுப்பார். இரண்டு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை. அடுத்து பேட்டரி மாறும், அதற்கும் அடுத்து கார்புரேட்டர் சர்வீஸ், கடைசியில் "வண்டிக்கு வயசாயிடுச்சு, கொடுத்துட்டு வேற பாருங்க" என்று யாராவது சொல்வார்கள். இந்தச் செலவில் பாதிக்கு மேல் தேவையே இல்லாதது.

என்னைப் பொறுத்தவரை ஸ்டார்ட்டிங் டிரபிள் என்றதும் முதலில் கேட்க வேண்டியது எந்தப் பார்ட் போயிருக்கிறது என்பதை அல்ல, வண்டி எப்போது மக்கர் பண்ணுகிறது என்பதைத்தான். காலையில் மட்டுமா, ஓட்டிவிட்டு டீ குடிக்க நிறுத்தி எடுக்கும்போதா, மழை பெய்த மறுநாளா, ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்து எடுக்கும்போதா? இந்த ஒரு கேள்விக்குத் தெளிவாகப் பதில் இருந்தால் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும். ஏன் அப்படி என்று புரிய, இன்ஜின் கிளம்ப என்னென்ன வேண்டும் என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பெட்ரோல் இன்ஜின் பிடிக்க நான்கு சங்கதி ஒரே நேரத்தில் கூடி வர வேண்டும். சரியான அளவில் காற்றோடு கலந்த பெட்ரோல் ஆவி, சரியான நேரத்தில் ஒரு நல்ல ஸ்பார்க், சிலிண்டருக்குள் போதுமான கம்ப்ரஷன் (கலவையை அமுக்கும் அழுத்தம்), இந்த மூன்றும் சந்திக்கும்படி இன்ஜினைச் சுற்றிவிட ஒரு வேகம். இதில் ஆவி என்ற இடத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. திரவமாக இருக்கும் பெட்ரோல் எரியாது, அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் எரியும். முழுதாக எரிய 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்பது கணக்கு. ஆனால் இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது உள்ளே போகும் பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகும் பகுதி மட்டும்தான் ஆவியாகும், மீதி சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் அந்த நேரத்துக்கு மட்டும் பெட்ரோலைக் கூடுதலாக அனுப்பியாக வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டியில் அந்த வேலையைச் சோக் செய்தது. 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் பெட்ரோலைப் பீய்ச்சி அனுப்பும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன, அவற்றில் ஒரு டெம்பரேச்சர் சென்ஸார் சொல்லும் சூட்டைப் பார்த்து இசியு என்ற குட்டிக் கணினியே பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது.

சரி, வண்டி கிளம்பவில்லை. முதலில் பிரிக்க வேண்டியது இதுதான்: இன்ஜின் சுற்றவே இல்லையா, அல்லது நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? இரண்டும் முற்றிலும் வேறு பிரச்சினைகள். ஒன்றுக்கு உரிய மருந்தை மற்றதற்குக் கொடுப்பதில்தான் பாதிக் காசு போகிறது.

சுற்றவே இல்லை என்றால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். செல்ஃபை அமுக்கும்போது ஒரு சத்தமும் வராமல், ஹாரனும் இண்டிகேட்டரும் மட்டும் பளிச்சென்று வேலை செய்தால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா, சைடு ஸ்டாண்டு முழுதாக மடங்கியிருக்கிறதா (இப்போது வரும் வண்டிகளில் ஸ்டாண்டு சுவிட்ச் மண் அடைத்துக்கொண்டால்கூட ஸ்டார்ட் ஆகாது), கிளட்ச்சைப் பிடித்தீர்களா, ஸ்கூட்டர் என்றால் பிரேக் சுவிட்ச் வேலை செய்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். பிரேக் சுவிட்ச் சந்தேகமாக இருந்தால் பிரேக்கைப் பிடித்துப் பின்பக்க லைட் எரிகிறதா என்று பார்த்தாலே போதும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதலில் கில் சுவிட்சைப் பார்ப்பது நல்லது.

"டக்" என்று ஒரு சத்தம், அல்லது "டக் டக் டக்" என்று தொடர்ச்சியாக வந்தால் ரிலே வேலை செய்கிறது, ஆனால் மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கலாம். டெர்மினலைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குவதற்குக் காசே ஆகாது, அதைச் செய்யாமல் பேட்டரி வாங்கப் போகாதீர்கள். மோட்டார் மட்டும் விர்ர்ரென்று வேகமாகச் சுற்றி இன்ஜின் அசையவில்லை என்றால் மோட்டாரை இன்ஜினோடு இணைக்கும் ஸ்டார்ட்டர் கிளட்ச் வழுக்குகிறது, அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை.

பேட்டரியை ஊகத்தில் பேசவே வேண்டாம். முந்நூறு நானூறு ரூபாய்க்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் கிடைக்கிறது, வண்டி வைத்திருக்கும் வீட்டில் அது ஒன்று இருக்கலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவி போடாமல் பார்த்தால் 12.6-இலிருந்து 12.8 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.2 பக்கத்தில் இருந்தால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. 12-க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்டக் காலி. அதோடு நிறுத்தாமல், செல்ஃபை அமுக்கும்போதே மீட்டரைப் பாருங்கள், ஏனென்றால் நின்றுகொண்டிருக்கும்போது 12.6 காட்டிவிட்டு, அமுக்கிய நொடியில் 8-க்கு விழும் பேட்டரிகள் நிறைய உண்டு. அமுக்கும்போது ஒன்பதரை வோல்ட்டுக்குக் கீழே போனால் அது உள்ளே செத்துக்கொண்டிருக்கும் பேட்டரி. வண்டி ஓடும்போது, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்த நிலையில், 13.5-இலிருந்து 14.5 வரை வர வேண்டும். இது வரவில்லை என்றால் புதுப் பேட்டரி போட்டாலும் ஒரு மாதத்தில் அதே நிலைதான், பார்க்க வேண்டியது பேட்டரியைச் சார்ஜ் பண்ணும் ரெக்டிஃபையரையும் மேக்னட் காயிலையும். 2017 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க முடியாது, இன்ஜின் ஓடும்போதெல்லாம் எரியும். பக்கத்துக் கடைக்கும் வீட்டுக்குமாக ஒரு கிலோமீட்டர் ஓட்டி, ஒவ்வொரு முறையும் செல்ஃபில் எடுப்பவர்களின் வண்டியில், இறங்கும் கரண்ட் திரும்ப ஏறவே நேரம் இருப்பதில்லை. பேட்டரியை மாற்றுவதைவிட வாரம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டுவது அவர்களுக்குப் பயன் தரும்.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பேட்டரிக்கு இன்னொரு பொறுப்பும் சேர்ந்துவிட்டது. பெட்ரோல் பம்பும் இசியுவும் கரண்டில்தான் ஓடுகின்றன. பேட்டரி சுத்தமாகக் காலியான பழைய ஸ்பிளெண்டரை உதைத்தோ இரண்டாம் கியரில் தள்ளியோ கிளப்பிவிடலாம். பேட்டரி செத்த இன்ஜெக்‌ஷன் வண்டியைத் தெரு முழுக்கத் தள்ளினாலும் பம்ப் ஓடாவிட்டால் சிலிண்டருக்குள் பெட்ரோலே வராது. கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவே முடியாது, அது தனி.

இப்போது இரண்டாவது வகை. இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் சாவியைப் போட்டு, கில் சுவிட்சை ஆன் பண்ணி, எதையும் அமுக்காமல் நில்லுங்கள். சீட்டுக்கோ டேங்குக்கோ அடியிலிருந்து இரண்டு மூன்று நொடி "ஊஊங்" என்று ஒரு சத்தம் வந்து நிற்க வேண்டும், அது பம்ப் பெட்ரோலை அழுத்தத்துக்குக் கொண்டு வரும் சத்தம். அது வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்று அந்தப் பக்கம் போக வேண்டும். சத்தம் வந்து முடிவதற்குள் செல்ஃபை அமுக்குகிற பழக்கம் பலருக்கும் உண்டு, சாவியைப் போட்ட கையோடு அமுக்கிவிடுகிறார்கள், அந்த இரண்டு நொடி பொறுத்தாலே சிலரின் பிரச்சினை தீர்ந்துவிடும். காலையில் மட்டும் பிடிக்கவில்லை என்றால் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள்: சாவியைப் போட்டு, சத்தம் நின்றதும் அணைத்து, மறுபடி போட்டு, இப்படி இரண்டு மூன்று முறை பம்பை ஓடவிட்ட பிறகு செல்ஃபை அமுக்கிப் பாருங்கள். உடனே பிடித்துக்கொண்டால் ராத்திரியில் லைனிலிருக்கும் பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று கணிக்கலாம். பம்பில் இருக்கும் வால்வோ இன்ஜெக்டரோ கசிகிறது. இதைச் சொன்னால் மெக்கானிக்குக்கு ஒரு நாள் வேலை மிச்சம்.

அடுத்து பிளக்கைக் கழற்றுவோம். ஆயிரம் ரூபாய்ப் பார்ட்டை மாற்றுவதற்கு முன்னால் பிளக்கின் முனையை ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பார்ப்பது எவ்வளவோ மேல். பத்துப் பதினைந்து முறை செல்ஃப் அடித்த பிறகு கழற்றுகிறீர்கள் என்று வையுங்கள். முனை சொட்டச் சொட்ட நனைந்து பெட்ரோல் வாசம் அடித்தால், பெட்ரோல் வருகிறது, எரியவில்லை: ஸ்பார்க் இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மேல் போய் ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கிறது, அல்லது கம்ப்ரஷன் இல்லை. இத்தனை முறை சுற்றியும் முனை காய்ந்தே இருந்தால் பெட்ரோல் உள்ளேயே வரவில்லை, ஸ்பார்க்கைத் தேடி நேரம் போக்க வேண்டாம். ஈரம் இல்லாமல் கரி மாதிரி மொத்தமாகக் கறுத்திருந்தால் பல நாளாகவே பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, சோக் பாதியில் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிசுபிசுப்பாக எண்ணெய்க் கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில் மேலே வருகிறது, ரிங்கையோ வால்வு சீலையோ சந்தேகப்பட வேண்டியதுதான். இளம் பழுப்பு நிறம் இருந்தால் எரிதல் நன்றாக நடந்திருக்கிறது, பிளக்கை அப்படியே துடைத்து மாட்டுங்கள்.

ஸ்பார்க் பார்க்கும்போது, பிளக்கைக் கேப்பில் மாட்டி அதன் உலோக உடம்பு இன்ஜினின் இரும்பை நன்றாகத் தொடும்படி வைத்துத்தான் சுற்ற வேண்டும். கையில் தூக்கிப் பிடித்தால் அடிக்கும், பல ஆயிரம் வோல்ட் அது. காற்றில் தொங்கவிட்டுச் சுற்றினால் ஸ்பார்க்கை நேரம் பார்த்து அனுப்பும் சி.டி.ஐ.-க்கோ இசியுவுக்கோ ஆபத்து. பிளக் ஓட்டைக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வந்துகொண்டிருக்கும். நீலமாக, சட்சட்டென்று சத்தத்தோடு தாவினால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து, ஒன்று விட்டு ஒன்று வந்தால் பிளக், கேப், ஸ்பார்க்குக்கு வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் எச்.டி. காயில் என்று அந்த வரிசையில் பார்க்கலாம். கேப் சல்லிசான விலை, ஆனால் அதைத்தான் பெரும்பாலும் கடைசியில் மாற்றுகிறார்கள். பல்சர் 150 மாதிரி ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக் இருக்கும் வண்டியில் ஒன்று செத்தாலும் மற்றொன்றில் ஓடிவிடும், அதனால் ஸ்டார்ட்டிங் மட்டும் கஷ்டமாகிப் பிக்கப் லேசாகக் குறையும். கைக்கு எட்டும் ஒரு பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விட்டுவிட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

பெட்ரோல் வரவில்லை என்று தெரிந்துவிட்டால் டேங்கிலிருந்து கீழ்நோக்கி வாருங்கள். டேங்க் மூடியில் ஒரு மெல்லிய காற்றுத் துளை இருக்கும், மண்ணோ துருவோ அதை அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, கடைசியில் பெட்ரோல் இறங்குவதே நின்றுவிடும். அடையாளம் ரொம்பத் தெளிவு. அரை மணி நேரம் நன்றாக ஓடும், இழுத்து இழுத்து நிற்கும், எவ்வளவு உதைத்தாலும் எடுக்காது, மூடியைத் திறந்தால் "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம், அப்புறம் கிளம்பிவிடும். பல ஸ்கூட்டர்களில் இன்னொரு சங்கதி இருக்கிறது. கார்புரேட்டர் காலத்து ஸ்கூட்டர்களில் பெட்ரோலைத் திறந்துவிடும் வால்வே இன்ஜின் உறிஞ்சும் காற்றில்தான் திறக்கும், அதற்குப் போகும் மெல்லிய ரப்பர் டியூப் வெடித்தால் எவ்வளவு சுற்றினாலும் வால்வு திறக்காது. எலி கடித்த வண்டிகளில் வயரை மட்டும் தேடிவிட்டு இந்த டியூபைப் பார்க்காமல் விடுகிறார்கள். அதைப் பார்த்தாலே தெரியும், விரலால் தடவிப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

சரி, இனி எப்போது என்ற கேள்விக்கு வருவோம். மக்கர் பண்ணும் நேரங்களில் அதிகம் பேசப்படுவது காலை நேரம், சூடேறிய பிறகு நாள் முழுக்க ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடும். கார்புரேட்டர் வண்டியில் இதற்கு முதல் சந்தேகம் சோக். லீவரை இழுத்தும் கேபிள் அறுந்தோ பிளஞ்சர் சிக்கியோ சோக் திறக்காமலே இருக்கலாம். அதைவிட அதிகம் நடப்பது வேறு ஒன்று: சோக்கைப் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரையும் முறுக்கிக்கொண்டே உதைப்பது. நம் ஊர்ச் சின்ன கார்புரேட்டர்கள் பலவற்றில் சோக் என்பது கூடுதல் பெட்ரோலை உறிஞ்ச ஒரு தனி வழி, த்ராட்டில் (ஆக்ஸிலேட்டர் திறந்துவிடும் காற்று வழி) மூடியிருந்து உறிஞ்சும் விசை வலுவாக இருந்தால்தான் அந்த வழியில் பெட்ரோல் ஏறும். முறுக்கினால் விசை குறைந்துவிடும், சோக் போட்டதே வீண். நிற்கும் வண்டியில் முன்கூட்டியே நாலு முறை முறுக்கிவிட்டால் பெட்ரோல் இறங்கும் என்ற நம்பிக்கையும் பலரிடம் இருக்கிறது, அந்த வேலைக்கு ஆக்ஸிலரேட்டர் பம்ப் என்ற ஒன்று கார்புரேட்டரில் வேண்டும், 100 சிசி வண்டிகளில் பெரும்பாலும் அது கிடையாது. ஆக, குளிர்ந்த வண்டிக்குச் சோக் முழுதாக, ஆக்ஸிலேட்டர் தொடாமல். சூடான வண்டிக்குச் சோக் இல்லாமல், ஆக்ஸிலேட்டர் லேசாக. ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டால் சோக்கை எடுத்துவிட்டு முழுதாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும், காற்று நிறையப் போய் ஈரத்தைத் துடைக்கும்.

சோக் சரியாக இருந்தும் காலையில் கஷ்டம் என்றால், சோக்கை எடுத்ததும் ஐட்லிங் நிற்காமல் அணைந்துவிடுகிறது என்றால், ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம். அதன் ஓட்டை ஊசி நுனியளவுதான். தேங்கிய பெட்ரோல் காய்ந்து படியும் மெழுகு போன்ற படிவு அதை மூடிவிடும். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிட்டால் ஜெட்டையே மாற்ற வேண்டும், கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் காலையில் மட்டும் கஷ்டம் என்றால், அழுத்தக் கசிவுக்கு அடுத்தபடி டெம்பரேச்சர் சென்ஸார். இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது அது "சூடாகத்தான் இருக்கிறேன்" என்று தப்பாகச் சொன்னால் இசியு பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கும், கிளம்பாது. சூடான பிறகு அந்தத் தப்பு உண்மையாகிவிடுவதால் நாள் முழுக்கத் தொந்தரவு இருக்காது. மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் ஸ்டார்ட் ஆன பிறகும் எரிந்தாலோ குறிப்பிட்ட எண்ணிக்கையில் மின்னினாலோ அந்த மின்னல் கணக்கே எந்த சென்ஸார் என்று சொல்லும், அதைப் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ரொம்ப முக்கியம் என்று தோன்றுவது டேப்பெட், காரணம் அதைப் பற்றி நம்மிடம் இருக்கும் நம்பிக்கை அப்படியே தலைகீழ். வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும், நம் 100, 150 சிசி வண்டிகள் பலவற்றில் அது 0.05-இலிருந்து 0.10 மில்லிமீட்டர் வரை, ஒரு தாள் தண்டிகூடத் தேறாது. அந்த இடைவெளி கூடினால் டக் டக் என்று சத்தம் வரும், எல்லோரும் பயந்து மெக்கானிக்கிடம் ஓடுவார்கள். குறைந்தால் சத்தமே வராது, இன்ஜின் வழக்கத்தைவிட அமைதியாக இருக்கும், சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருப்போம். ஆனால் ஆபத்து இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. நாள்பட வால்வு தன் சீட்டில் மெல்லத் தேய்ந்து உள்ளே இறங்கும், இடைவெளி தானாகவே குறைந்துகொண்டே வரும், ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வு வழியாகக் கம்ப்ரஷன் கசியும். இன்ஜின் வேகமாக ஓடும்போது கசிய நேரம் போதாது, அதனால் ஓட்டத்தில் பெரிதாகத் தெரியாது. உதைக்கும்போதும் செல்ஃப் அடிக்கும்போதும் பிஸ்டன் மெதுவாக மேலே வருகிறது, அந்த நேரத்தில் காற்று நிதானமாக வெளியே போய்விடும். விளைவு: ஓடும்போது நன்றாக இருக்கும் வண்டி, கிளம்ப மட்டும் அடம் பிடிக்கும். கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பார்த்தால் ஓர் இடத்தில் நன்றாக எதிர்த்து நிற்க வேண்டும், அந்த எதிர்ப்பு இல்லாமல் வழவழவென்று இறங்கினால் டேப்பெட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, மேக்னட்டில் இருக்கும் டி குறியை கேஸில் உள்ள குறிக்கு நேராகக் கொண்டு வந்து, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டைப் போட்டு அளக்க வேண்டும். காதால் கேட்டு டேப்பெட் செட் பண்ணுகிறவர்கள் வாடிக்கையாளரின் திருப்திக்காகச் சத்தத்தை அடக்கக் கொஞ்சம் இறுக்கிவிடுகிறார்கள், அடுத்த வாரமே ஸ்டார்ட்டிங் டிரபிள் ஆரம்பிக்கிறது. "சத்தம் போயிடுச்சு, ஆனா எடுக்க மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் வேறு எதையும் தொட வேண்டாம்.

பழைய புல்லட் ஓட்டியவர்களுக்குக் கம்ப்ரஷனைக் காலாலேயே தெரியும். கம்ப்ரஷனை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, பிஸ்டனை மேல்முனைக்குச் சற்றுத் தாண்டி வைத்துவிட்டு, லீவரை விட்டு ஒரே உதை. பலத்தைவிடப் பிஸ்டன் நிற்கும் இடம்தான் அங்கே கணக்கு.

சூடான பிறகு மட்டும் எடுக்காத வண்டி வேறு ரகம். பெட்ரோல் பங்க்கில் நிறுத்திவிட்டு எடுத்தால் மக்கர், இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பும். ஸ்பார்க் எப்போது வர வேண்டும் என்று சிக்னல் கொடுக்கும் பிக்கப் காயிலுக்குள் இருக்கும் மயிரிழைச் செம்புக் கம்பி எங்கோ விட்டிருந்தால், குளிரில் முனைகள் ஒட்டிக்கொண்டு இருக்கும், சூட்டில் விரிந்து விலகிவிடும். சி.டி.ஐ., எச்.டி. காயில் இரண்டிலும் இதே நடக்கலாம். இதில் ஒரே வழி, எடுக்காமல் நிற்கும் அந்த நிமிடத்திலேயே ஸ்பார்க் பார்ப்பது. ஆறின பிறகு மெக்கானிக்கிடம் கொண்டு போய் எத்தனை முறை பார்த்தாலும் ஸ்பார்க் நீலமாகத்தான் வரும். அதனால் ஒரு பிளக் ஸ்பானரும் ஒரு பழைய பிளக்கும் வண்டியிலேயே இருக்கட்டும். நிற்கிற இடத்தில் ஸ்பார்க் நன்றாக வந்தால், சூட்டில் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஆவியாகி வழிந்து ஓவர்ஃப்ளோ ஆகியிருக்க வாய்ப்பு அதிகம், அப்போது முழுதாக முறுக்கிச் சுற்றினால் எடுத்துவிடும்.

ரொம்ப நாள் நின்ற வண்டிக்கு முதல் காரணம் பெட்ரோலேதான். கார்புரேட்டரின் அடியில் இருக்கும் ஃப்ளோட் சேம்பரில் நிற்கும் பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும், ஸ்டார்ட் ஆகத் தேவையானதே அந்தப் பகுதிதான். சேம்பருக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகிப் பழசை வடித்துவிட்டுப் புதிதாக நிரம்பவிட்டாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20, அதன் மேல் எல்லாப் பழியும் விழுகிறது, எல்லாம் நியாயம் இல்லை. நியாயமான ஒன்று இருக்கிறது: எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், டேப்பும் பம்பும் பெட்ரோல் எடுப்பது அதே அடியிலிருந்துதான். மழைக்காலத்தில் கால் டேங்க் பெட்ரோலோடு வாரக்கணக்கில் வெளியே நின்ற வண்டி என்றால் டேங்கிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள், கீழே தனி அடுக்கு தெரிந்தால் டேங்கைக் காலி செய்துவிட்டுத்தான் மற்ற வேலை. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் ரப்பர் டியூப், ஓ-ரிங் எல்லாம் இ20-ஐ மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல, அதனால் அவை ஊதியோ வெடித்தோ இருக்கிறதா என்றும் பாருங்கள். குளிர் ஸ்டார்ட்டிங்குக்கு எத்தனால் தோதில்லாதது என்பதும் உண்மை. பெட்ரோலில் 35 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும் பகுதிகள் உண்டு, எத்தனால் 78 டிகிரியில்தான் கொதிக்கும், ஆவியாக அது எடுத்துக்கொள்ளும் வெப்பமும் பெட்ரோலைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். பிரேசிலில் எத்தனாலில் ஓடிய கார்களில் குளிர் நாட்களில் ஸ்டார்ட் பண்ணுவதற்கென்றே தனியாக ஒரு குட்டி பெட்ரோல் டேங்க் வைத்தார்கள். நம் சமவெளிச் சூட்டில் 20 சதவீதத்துக்கு அந்த அளவு கவலை வேண்டாம்.

மலை ஊர்கள் வேறு. மேட்டுப்பாளையத்தில் 300 மீட்டர் சொச்சம் உயரத்தில் டியூனிங் செய்த கார்புரேட்டர் வண்டி, 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டிக்கு ஏறினால் அங்கே காற்று கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும், பெட்ரோல் அளவு அவ்வளவாகக் குறையாது, கலவை தானாகவே கனத்துப் போகும். அங்கே தை மாதக் காலையில் உறைபனி அளவுக்குக் குளிரும் இருக்கும், அதனால் சோக் இல்லாமலும் எடுக்காது, சோக்கைக் கொஞ்சம் கூடுதலாக விட்டால் உடனே ஓவர்ஃப்ளோவும் ஆகும். எடுத்ததும் சோக்கைச் சீக்கிரம் தள்ளிவிட வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டி காற்றழுத்தத்தைத் தானே அளந்துகொள்வதால் இந்தத் தொல்லை குறைவு.

கடைசியாக மழை. சாதாரண மழைக்குப் பிறகு எடுக்கவில்லை என்றால் பிளக் கேப்புக்குள் ஈரம், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், கனெக்டர்கள், இவ்வளவுதான், துடைத்துக் காயவிட்டால் சரியாகிவிடும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி அப்படி இல்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் தெருத்தெருவாக வண்டிகள் முங்கிக் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் எல்லோருக்கும் கை போவது செல்ஃபுக்குத்தான். தயவுசெய்து அமுக்காதீர்கள், உதைக்கவும் வேண்டாம், சாவியைக்கூடப் போட வேண்டாம். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், துடைத்து எடுத்திருக்க வேண்டிய வண்டி இன்ஜின் இறக்கும் வேலையாகிவிடும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள், தண்ணீர் எந்த அளவுக்கு ஏறியது என்பது தெரிகிற மாதிரி நின்ற இடத்திலேயே போட்டோ எடுங்கள், இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லுங்கள், தூக்கித்தான் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போங்கள். மூழ்கிய பிறகு ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் போனால், இன்ஜின் புரொடெக்‌ஷன் கவர் தனியாக எடுக்காத பாலிசியில் அதற்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது. ஒர்க் ஷாப்பில் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றச் சொல்லுங்கள், ஏர் ஃபில்டர், ஆயில், டேங்க் பெட்ரோல் மூன்றும் மாற வேண்டும். வடிக்கும் ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் வந்தால் ஒரு முறை மாற்றுவது போதாது, புதிதாக ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அந்த நிறம் போகும்வரை மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.